இருபது பவுண்டும் ஒற்றை வாக்கும்

ஐ.எஸ்.எல். எனும் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துத் தொடர் ஒருவழியாக 2026 பிப்ரவரி 14 அன்று தொடங்கியது. வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்குவது, ஐந்து மாதம் பிந்தி, 14 அணிகளும் 91 ஆட்டங்களுமாகச் சுருங்கி வந்தது. பந்து உருளத் தொடங்கினால் பழைய கதையெல்லாம் மறந்துபோகும். அதற்குமுன் ஒரு கேள்வியைக் கேட்டுவைக்க வேண்டும். ஆட்டமே இல்லாத அந்த மாதங்களில், ஆட்டத்தை நம்பி வீட்டு வாடகை கட்டுகிறவர்களுக்காகப் போய்ப் பேச யார் இருந்தார்கள்?

நடந்தது இதுதான். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2010இல் வணிக உரிமைகளைத் தனியாருக்கு 15 ஆண்டுகளுக்குக் கொடுத்தது. அந்த ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிய இருந்தது. புதுப்பிப்பதில் முடிவு ஏற்படாததால் ஜூலையிலேயே தொடர் கிடப்பில் போடப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. தன் முதல் அணி வீரர்கள், ஊழியர்களின் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்திவைப்பதாக அறிவித்தது. நம் ஊர் சென்னையின் எஃப்.சி.யும் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்தியது. நவம்பரில் ஏலம் விட்டார்கள். கேட்க ஆள் வரவில்லை.

கடைசியில், 2026 ஜனவரியில் சுனில் சேத்ரி, குர்பிரீத் சிங் சாந்து, சந்தேஷ் ஜிங்கன் உள்ளிட்ட வீரர்கள் ஒரு காணொளி வெளியிட்டார்கள். எங்களைக் காப்பாற்றுங்கள் என்று ஃபிஃபாவிடம் வேண்டுகோள் வைத்தார்கள். சில நாளில் மத்திய விளையாட்டு அமைச்சர் தொடக்கத் தேதியை அறிவித்தார்.

நாட்டுக்காக எத்தனையோ கோல் அடித்த சேத்ரி கைபேசி கேமரா முன் நின்று கெஞ்ச வேண்டியிருந்தது. அவரைக் குறை சொல்லவில்லை. வேறு வழி இல்லாதபோது யாரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் அவர் சேத்ரி என்பதால்தான் கேட்டார்கள். இரண்டாம் நிலை அணியில் வலது பக்கத் தடுப்பாட்டக்காரராக இருக்கும் பையன் காணொளி போட்டால் அவன் தெருக்காரர்கள்தான் பார்ப்பார்கள்.

பதினான்கு பக்க ஒப்பந்தம்

அப்படியொரு பையனை 2025 டிசம்பரில் சந்தித்தேன். கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர்க்காரர். பெயர் வேண்டாம் என்றார். கிளப் பெயரும் வேண்டாம். ஒப்பந்தத்தைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தார். 14 பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவருடைய சுருக்கொப்பம்.

“படிச்சுப் பாத்தீங்களா தம்பி?”

“மேனேஜர் ரூம்ல வெச்சுக் குடுத்தாங்கண்ணே. சாயங்காலமே பஸ் ஏறணும்னாங்க. சம்பளம் எழுதியிருந்த எடத்த மட்டும் பாத்தேன்.”

நான் படித்தேன். ஆட்டம் திருப்தி இல்லையென்றால் ஒரு மாத அவகாசத்தில் அவரை அனுப்பிவிடலாம் என்று ஒரு பிரிவு சொல்கிறது. யாருக்குத் திருப்தி, எதை வைத்து என்று இல்லை. வேறெங்கும் ஆடக் கூடாது என்று இன்னொரு பிரிவு. சம்பளம் தாமதமானால் என்ன என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

மூன்று மாதச் சம்பளம் வரவில்லை. மலப்புறம் பக்கம் போய், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆடியிருக்கிறார். ஓர் ஆட்டத்துக்குக் கையில் காசு. கிளப்புக்குத் தெரியக் கூடாதென்று வேறு பெயரில் ஆடினாராம். கரடுமுரடான தரை, முட்டிக்கு முட்டி மோதும் ஆட்டம். அங்கே தசைநார் அறுந்தால் மருத்துவச் செலவு யாருடையது என்று கேட்டேன். சிரித்தார்.

“எங்கப்பா போட்டுக்குப் போறவரு. கரைக்கு வந்ததும் போட்டுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவுன்னு பங்கு பிரிச்சிருவாங்க. எனக்கு மாசம் மூணாச்சுன்னு சொன்னா அவருக்குப் புரியவே மாட்டேங்குது.”

அவர் அப்பாவுக்குப் புரியாததில் வியப்பில்லை. கடலில் பங்குக் கணக்குக்கு ஊர் சாட்சி. ஆடுகளத்தில் அந்தப் பையனுக்குச் சாட்சி யாரும் இல்லை.

குடை மடங்கிய கதை

முன்பு இப்படி இல்லை என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. சென்னை லீக்கில் ஐ.சி.எஃப்., சதர்ன் ரயில்வே, இந்தியன் பேங்க் என்று நிறுவன அணிகள் ஆடிய காலத்தில் ஆட்டக்காரர் முதலில் ஊழியர். காலையில் பயிற்சி, மதியம் அலுவலகத்தில் ஒரு கையெழுத்து. முழங்கால் போனாலும் முதல் தேதி சம்பளம் வந்துவிடும். ஓய்வுக்குப்பின் ஓய்வூதியம். பெரிய பணம் இல்லை. ஆனால் பெண் வீட்டார் கேட்டால் சொல்வதற்கு ஒரு வேலை இருந்தது.

தொழில்முறைக் கால்பந்து வந்தபோது சம்பளம் கூடியது, அந்தக் குடை மடங்கியது. 1997இல் ஆரவாரமாகத் தொடங்கிய எஃப்.சி. கொச்சின், ஐ.எம். விஜயனையும் நம் ராமன் விஜயனையும் வைத்து ஆடிய அணி, சில ஆண்டுகளில் சம்பளம் கொடுக்க முடியாமல் கரைந்தது. 2010இல் மகிந்திரா யுனைடெட் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு பஞ்சாபின் ஜே.சி.டி.யும் மூடியது. கோயம்புத்தூரில் ஆடி 2018-19 ஐ-லீக் கோப்பையை வென்ற சென்னை சிட்டி, அடுத்த மூன்றாண்டுக்குள் ஐ-லீக்கிலேயே இல்லை.

கிளப் முதலாளிக்கு இது ஒரு முதலீடு. சரிவராவிட்டால் கடையைச் சாத்திவிட்டு அடுத்த தொழிலுக்குப் போகலாம். ஆட்டக்காரருக்கு அடுத்த தொழில் இல்லை. 18 வயதில் தொடங்கி 32இல் முடிகிற தொழிலில் ஒரு வருடம் வீணானால், அது வங்கி எழுத்தரின் ஒரு வருடம் போன்றதல்ல.

குடை போன இடத்தில் சங்கம் வந்திருக்க வேண்டும். மற்ற நாடுகளில் எப்படி வந்தது என்று பார்க்க இங்கிலாந்தின் ஜிம்மி ஹில்லைவிட நல்ல உதாரணம் இல்லை.

தாடிக்காரர் ஹில்

ஹில் பெரிய ஆட்டக்காரர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1928இல் தெற்கு லண்டனில் பிறந்தவர். பிரென்ட்ஃபோர்டில் மூன்று ஆண்டு, பிறகு 1952 முதல் ஃபுல்ஹாமில். 1958இல் டான்காஸ்டர் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல் அடித்தார், அதுதான் உச்சம். இங்கிலாந்து அணிக்கு ஒருமுறைகூட ஆடவில்லை. நீண்ட முகவாய், அதில் தாடி. அந்தக் காலத்து ஆட்டக்காரர்களில் தாடி வைத்தவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

1957இல் அவர் வீரர் சங்கத்தின் தலைவரானார். சங்கம் புதிதல்ல, 1907இல் மான்செஸ்டரில் பில்லி மெரிடித் போன்ற ஆட்டக்காரர்கள் தொடங்கியது. ஆனால் அரை நூற்றாண்டாக உடைக்க முடியாத ஒரு சுவர் இருந்தது: உச்சவரம்புச் சம்பளம். 1901இல் வாரத்துக்கு 4 பவுண்டு என்று தொடங்கி, ஹில் காலத்தில் 20 பவுண்டு. கோடை விடுமுறையில் 17. ஸ்டான்லி மேத்யூஸ் ஆடினால் அரங்கம் நிரம்பி வழியும், அவருக்கும் 20தான்.

இதைவிடக் கொடுமை இன்னொன்று. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் கிளப் விடுவிக்காமல் ஆட்டக்காரர் வேறிடம் போக முடியாது. சம்பளமும் தராமல், விடுவிக்கவும் செய்யாமல் வைத்திருக்கலாம். நியூகாசிலை விட்டுப் போகவேண்டும் என்ற ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் 1960இல் ஆட மறுத்து, மாதக்கணக்கில் கார்க் விற்கும் வேலைக்குப் போனார். நம் கடற்கரைப் பையன் செவன்ஸ் போனதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

ஹில் செய்த முதல் காரியம் பெயரை மாற்றியது. பயிற்சியாளர்களையும் சேர்த்து ‘யூனியன்’ என்றிருந்த நீண்ட பெயர், தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் சங்கம் என்றானது. சில்லறை வேலை மாதிரித் தெரியும். ஆனால் மருத்துவர்களுக்கு, வழக்கறிஞர்களுக்கு இருப்பதுபோல் எங்களுக்கும் ஒரு தொழில் அமைப்பு என்று ஆட்டக்காரரே தலை நிமிர்ந்து நினைக்க அது உதவியது. கூடவே கிளிஃப் லாயிட் என்ற செயலாளர். முன்னாள் ஆட்டக்காரர், கோப்பு மனிதர், சத்தம் போடாதவர். கேமரா முன் ஹில், மேசைக்குப் பின் லாயிட். இந்தச் சேர்க்கையைக் கவனித்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

1960 இறுதியில் நகரம் நகரமாகக் கூட்டம் போட்டார்கள். மான்செஸ்டர் கூட்டம் இன்றும் பேசப்படுகிறது. கீழ்ப்பிரிவில் ஆடும் ஓர் இளைஞர் எழுந்தார். என் அப்பா சுரங்கத் தொழிலாளி, வாரமெல்லாம் நிலத்தடியில் உழைத்து இதைவிடக் குறைவாகத்தான் வாங்குகிறார், நமக்கு 20 பவுண்டு போதாதா என்று கேட்டார். மண்டபம் அமைதியானது. நியாயமான கேள்வி, பதில் சொல்லச் சங்கடமான கேள்வி.

போல்டன் அணியின் டாமி பேங்க்ஸ் எழுந்தார். அவரும் சுரங்கத்தில் இறங்கியவர். உன் அப்பா வேலையை நான் செய்திருக்கிறேன், இனியும் செய்வேன். ஆனால் முப்பதாயிரம் பேர் பார்க்க இந்த மேத்யூஸைத் தடுத்து நிறுத்த உன் அப்பாவால் ஆகுமா என்று கேட்டார். மேத்யூஸ் அதே மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் வேலைநிறுத்தத்துக்கு முடிவெடுத்தது.

வேலைநிறுத்தம் 1961 ஜனவரி 21 என்று குறிக்கப்பட்டது. தொழிலாளர் நலத்துறை அமைச்சர் ஜான் ஹேர் நடுவே வந்தார். 18ஆம் தேதி கிளப்புகள் இறங்கிவந்தன, உச்சவரம்பு போனது. ஹில்லின் அணித்தோழர் ஜானி ஹெய்ன்ஸ் வாரம் 100 பவுண்டு வாங்கிய முதல் ஆட்டக்காரர் ஆனார். ஹெய்ன்ஸுக்கு நூறு பவுண்டு தகும், விதிதான் தடுக்கிறது என்று கிளப் தலைவர் டாமி டிரிண்டர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். விதி போனதும் வாய்ச்சொல்லைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. டிரிண்டர் ஒரு நகைச்சுவை நடிகர் என்பது இங்கே கூடுதல் தகவல்.

ஹில்லுக்கு என்ன கிடைத்தது? முழங்கால் காயம். அதே ஆண்டு ஆட்டம் முடிந்தது. பிறகு கோவென்ட்ரி அணியின் மேலாளராகி மூன்றாம் பிரிவிலிருந்து முதல் பிரிவுக்குக் கொண்டுவந்தார், தொலைக்காட்சி முகமானார். இன்று புள்ளிப் பட்டியலில் வெற்றிக்கு மூன்று புள்ளி என்று பார்க்கிறோமே, 1981இல் இங்கிலாந்து லீக்கில் அதைக் கொண்டுவரச் செய்தவரும் அவர்தான்.

புகழ் மாலை மட்டும் சூட்ட முடியாது. நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுக்கு 1982இல் புறப்பட்ட ஓர் அணியின் பின்னால் இதே ஹில் இருந்தார். தன் தொழிலாளிக்குச் சுதந்திரம் கேட்டவர் இன்னொரு நாட்டுத் தொழிலாளியின் நிலையைப் பார்க்கத் தவறினார். உச்சவரம்பு போனபின் சிறு நகர அணிகள் பெரிய நகரங்களோடு போட்டி போட முடியாமல் தேய்ந்ததும் உண்மை. இருந்தாலும் ஈஸ்ட்ஹாம் வழக்கில் சங்கம் துணைநின்று, 1963இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் அந்தப் பிடித்துவைக்கும் முறை நியாயமற்றது என்று தீர்ப்பளித்தபோது, பயனடைந்தவர்கள் நட்சத்திரங்கள் மட்டுமல்ல.

பரி என்ற சிற்றூர்

ஹில்லுக்குப்பின் வந்தவர்களில் முக்கியமானவர் கோர்டன் டெய்லர். போல்டன், பர்மிங்காம், பிளாக்பர்ன் என்று ஓரத்தில் ஓடிய ஆட்டக்காரர்; கடைசியாக ஆடியது மான்செஸ்டருக்குப் பக்கத்தில் பரி என்ற சிற்றூர் அணிக்கு. 1981இல் சங்கப் பொறுப்பேற்று 2021 வரை இருந்தார். நாற்பது ஆண்டு!

அவர் காலத்துச் சாதனையைச் சொல்ல 2001 போதும். தொலைக்காட்சிப் பணத்தில் சங்கத்தின் பங்கை லீக் நிர்வாகிகள் குறைக்கப் பார்த்தார்கள். வேலைநிறுத்தத்துக்கு வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் 99 சதவீதம் பேர் ஆதரவு. அந்தப் பணம் கோடீஸ்வர ஆட்டக்காரர்களுக்குத் தேவைப்படாது. காயத்தால் 24 வயதில் வீட்டுக்குப் போகிறவருக்கு மருத்துவமும் படிப்பும் அதிலிருந்துதான். இருந்தும் பெரிய ஆட்டக்காரர்களும் ஆதரித்தார்கள். சங்கம் வென்றது.

அதே டெய்லரின் சம்பளம் ஆண்டுக்கு இருபது லட்சம் பவுண்டைத் தாண்டியது. தலையால் பந்தை முட்டி முட்டி மூளை நோய்க்கு ஆளான முன்னாள் வீரர்களின் குடும்பங்கள், சங்கம் எங்களைக் கண்டுகொள்ளவில்லை என்று புலம்பின. 2019இல் ஸ்காட்லாந்து ஆய்வு ஒன்று, முன்னாள் தொழில்முறை வீரர்கள் அத்தகைய நோய்களால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு என்று காட்டியது. ஜிம்மி ஹில்லே 2015இல் இறந்தபோது ஆல்சைமர் நோயில்தான் இருந்தார். ஒரே ஆள் நாற்பது ஆண்டு உட்கார்ந்தால் சங்கமும் ஒரு கிளப் ஆகிவிடும்.

அந்தப் பரிக்கு 1999இல் இன்னொருவர் வந்தார். சிக்கிமின் டிங்கிடாமில் பிறந்த பாய்ச்சுங் பூட்டியா.

பாய்ச்சுங்கின் ஒரு வாக்கு

அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1997 கூட்டமைப்புக் கோப்பை அரையிறுதியில் கொல்கத்தா சால்ட் லேக் அரங்கில் 1,31,000 பேர் முன்னால் மோகன் பகானுக்கு எதிராக மூன்று கோல் அடித்தவர் அவர். அப்படிப்பட்டவர் சில ஆயிரம் பேர் வரும் பரிக்குப் போனார். முழங்கால் தொல்லை, மூன்று பருவம், மூன்று கோல். ஆட்டக் கணக்கில் சுமார்தான். ஆனால் ஆட்டக்காரருக்கு ஒரு சங்கம் இருப்பது சாதாரண விஷயமாக இருக்கும் நாட்டில் அவர் மூன்று ஆண்டு இருந்தார். அங்கே என்ன பார்த்தார் என்று அவர் மனசுக்குள் புகுந்து சொல்ல முடியாது. 2006இல் இந்தியக் கால்பந்து வீரர்கள் சங்கம் தொடங்கியபோது தலைவர் பாய்ச்சுங். பின்னாளில் அந்தப் பொறுப்புக்கு வந்தவர், ஃப்ரீ கிக்குக்குப் பேர்போன மணிப்பூரின் ரெனடி சிங்.

(சிறு குறிப்பு. உலக வீரர் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபிஃப்ப்ரோ பாரிஸில் பிறந்தது 1965 டிசம்பர் 15. ஒப்பந்தம் முடிந்த வீரரைப் பணம் கேட்காமல் விடவேண்டும் என்ற போஸ்மன் தீர்ப்பு 1995 டிசம்பர் 15. பாய்ச்சுங்கின் பிறந்த நாள் 1976 டிசம்பர் 15. ஜோதிடம் பார்ப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.)

சங்கம் வந்தது நல்லது. சக வீரர்களே வாக்களித்துத் தரும் ஆண்டு விருது நல்ல யோசனை. சம்பள பாக்கிப் புகார்களையும் எடுத்துப் பேசினார்கள். ஆனால் எல்லா அணியிலும் கிளை, எல்லா வீரரும் சந்தா, முழுநேர அலுவலகம் என்று அது வேர்விட்டதாகத் தெரியவில்லை. ஹில் இருந்தார்; லாயிட் இல்லை. 2025 நெருக்கடியில் வீரர்களின் குரல் பெரும்பாலும் தனித்தனிப் பதிவுகளாகவும் கூட்டறிக்கையாகவும் காணொளியாகவுமே வந்ததற்கு அதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

2022 செப்டம்பரில் பாய்ச்சுங் சம்மேளனத் தலைவர் பதவிக்கே நின்றார். முன்னாள் வீரர்கள் 36 பேருக்கு வாக்கு தருவது என்றுதான் முதலில் ஏற்பாடு. ஃபிஃபா தடை விதித்து, பிறகு எல்லாம் மாறி, அந்த 36 பேரின் வாக்கு போய்விட்டது. மாநிலச் சங்கங்கள் மட்டும் வாக்களித்தன. பாய்ச்சுங்கை ஒரு மாநிலம் முன்மொழிந்தது, இன்னொன்று வழிமொழிந்தது. எண்ணியபோது அவருக்கு ஒரே ஒரு வாக்கு. எதிர்த்து நின்ற கல்யாண் சௌபேவுக்கு 33.

சௌபேயும் முன்னாள் கோல் கீப்பர்தான். ஆகவே ஆட்டக்காரர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தால் ஆட்டக்காரர் பிரச்சினை தீரும் என்ற நம்பிக்கையை விட்டுவிடலாம். நாற்காலியில் யார் என்பதைவிட, நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து கணக்குக் கேட்பவர் யார் என்பதே முக்கியம். உச்ச நீதிமன்றம் ஏற்ற, சம்மேளனத்தின் புதிய சட்ட விதிகளில் ஓய்வுபெற்ற வீரர்கள் 15 பேருக்குப் பொதுக்குழுவில் இடம் உண்டு. வரவேற்போம். ஆனால் ஓய்வுபெற்றவருக்குச் சம்பள பாக்கி இல்லை.

சாதாரண ரசிகருக்கு இதில் என்ன?

இதெல்லாம் அவர்கள் பிரச்சினை என்று நகர்ந்துவிடலாம். வியாசர்பாடியிலோ தூத்தூரிலோ பையனை அதிகாலைப் பயிற்சிக்கு அனுப்பும் அம்மாவால் அப்படி நகர முடியாது. இதை நம்பிப் பிழைக்கலாமா என்பதுதான் அவர் கேள்வி. பதில் இல்லாவிட்டால் பத்தாம் வகுப்போடு பூட்ஸைப் பரணில் போடச் சொல்வார். அப்புறம் நூற்று நாற்பது கோடிப் பேரில் பதினோரு பேர் கிடைக்கவில்லையா என்று நாம் டீக்கடையில் கேட்போம்.

இது இந்தியாவுக்கு மட்டும் வந்த நோயும் அல்ல. ஃபிஃப்ப்ரோ 2016இல் 54 நாடுகளில் ஏறத்தாழ 14,000 வீரர்களைக் கேட்டபோது, அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் சம்பளம் தாமதமானதாக 41 சதவீதம் பேர் சொன்னார்கள். மாதம் ஆயிரம் டாலருக்கும் குறைவாக வாங்குவோர் 45 சதவீதம். மெஸ்ஸியின் சம்பளச் செய்தியைப் படித்துவிட்டுக் கால்பந்து வீரர் என்றாலே பணக்காரர் என்று நினைப்பது, ரஜினி சம்பளத்தை வைத்துத் துணை நடிகரை எடைபோடுவது மாதிரி.

உயிர்க் கணக்கும் இருக்கிறது. 2012இல் பெங்களூரு மாவட்ட லீக் ஆட்டத்தில் மைதானத்தில் சரிந்த இளைஞரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள்; ஆம்புலன்ஸ் இல்லை. அவர் பிழைக்கவில்லை. வண்டி நிற்கிறதா என்று ஆட்டத்துக்கு முன் பார்த்து, இல்லையென்றால் இறங்க மாட்டோம் என்று சொல்ல ஒரு சங்கம் இருந்திருந்தால்?

இனி செய்யக்கூடியவை

முதலில் வீரர்கள். சங்கம் இருக்கிறது, அதை நிரப்ப வேண்டும். சம்பளத்தில் நூற்றுக்கு ஒரு ரூபாய் சந்தா என்று வைத்தால் சேத்ரியும் கட்டலாம், இரண்டாம் நிலை லீக் பையனும் கட்டலாம். ஒவ்வோர் அணியின் ஓய்வறையிலும் ஒரு பிரதிநிதி. மகளிர் லீக் வீராங்கனைகள் முதல் நாளிலிருந்தே சம உறுப்பினர்கள்; அவர்கள் ஒப்பந்தங்கள் பல ஒரு சில மாதத்துக்கானவை என்பதால் அவர்களுக்குத்தான் அவசரம் அதிகம். தலைவர் பதவிக்கு எட்டு ஆண்டு வரம்பு. டெய்லர் கதை இங்கே வேண்டாம். முதல் சந்தாப் பணத்தில் வாங்க வேண்டியது விருது விழா மேடை அல்ல, ஒரு முழுநேர வழக்கறிஞர்.

ஃபிஃபா விதி ஒன்று பலருக்குத் தெரியாது. இரண்டு மாதச் சம்பளம் தராவிட்டால், எழுத்தில் 15 நாள் அவகாசம் கொடுத்துவிட்டு வீரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். இது ஒப்பந்தத்தில் அச்சாக வேண்டும். இந்திய வீரர் இந்திய கிளப் மீது கொடுக்கும் புகார் இன்று சம்மேளனம் நியமிக்கும் குழுவுக்குப் போகிறது. ஃபிஃபா பரிந்துரைப்பதுபோல் வீரர் தரப்பும் கிளப் தரப்பும் சம எண்ணிக்கையில் உட்காரும் தீர்ப்பாயமாக அது மாறவேண்டும். 60 நாளில் முடிவு சொல்ல வேண்டும்.

சம்மேளனம் கிளப் உரிமம் தரும்போதே மூன்று மாதச் சம்பளத்துக்கான வங்கி உத்தரவாதம் கேட்கலாம். கட்டட ஒப்பந்ததாரரிடம் பொதுப்பணித்துறை வைப்புத்தொகை வாங்குவதில்லையா? அதே வழி. முதலாளி ஓடினாலும் அந்தப் பணம் ஆட்டக்காரருக்கு. அடுத்த வணிக ஒப்பந்தம் யாரோடு போட்டாலும், வருமானத்தில் சிறு பங்கு காயம், படிப்பு, ஓய்வுக்கான நிதிக்குப் போகும் என்று அதிலேயே எழுதிவிட வேண்டும். பிறகு கேட்டால் கிடைக்காது. இங்கிலாந்திலேயே 2001இல் பறிக்கப் பார்த்தார்கள்.

தமிழ்நாட்டு அளவில் இரண்டு காரியம் உடனே முடியும். ஆம்புலன்ஸும் முதலுதவி தெரிந்த ஒருவரும் இல்லாமல் மாவட்ட லீக் ஆட்டம் தொடங்கக் கூடாது என்று மாநிலச் சங்கம் நடுவர்களுக்கு உத்தரவிடலாம். மருத்துவக் கல்லூரிகளோடு பேசினால் செலவுகூடக் குறையும். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு உள்ள 3 சதவீத ஒதுக்கீட்டுக்குப் பதக்கத்தை மட்டும் பார்க்காமல், தேசிய லீக்குகளில் ஆடிய ஆண்டுகளையும் கணக்கில் எடுக்கலாம்.

இன்னொன்று ஒப்பந்தம். கையெழுத்தாகும் ஆங்கிலப் பிரதியோடு வீரரின் தாய்மொழியில் ஒரு பக்கச் சுருக்கம் கட்டாயமாக இருக்கவேண்டும்: மாதச் சம்பளம், எந்தத் தேதி, காயம் பட்டால் யார் செலவு, எப்போது விலகலாம், புகார் எங்கே. அந்தப் பக்கத்தில் சங்கப் பிரதிநிதியின் கையெழுத்தும் இல்லாவிட்டால் சம்மேளனம் வீரரைப் பதிவு செய்யக் கூடாது. கடற்கரைப் பையனின் ஒப்பந்தம் 2026 மே மாதம் வரைதான். அடுத்த மேனேஜர் ரூமுக்குள் அவர் போவதற்குள் அந்த ஒரு பக்கமாவது தயாராக வேண்டும்.